துறைமுகத்தில் இரண்டு மூட்டைகள்

தோழா,

தூத்துக்குடித் துறைமுகத்தை நீ அறிவாய். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, வெள்ளையரின் வாணிபத்தை வெலவெலக்கச் செய்த சிதம்பரனாரின் பெயர் தாங்கி நிற்கும் துறைமுகம் அது. அந்தத் துறைமுகத்திற்கு வரும் மூட்டைகளில் இரண்டை மட்டும் இன்று உனக்குக் காட்டப்போகிறேன்.

முதல் மூட்டை பட்டப்பகலில் வருகிறது; சுங்க அதிகாரியின் முத்திரை பெற்று, ராஜபாட்டையிலே வருகிறது. பிரித்துப் பார்த்தால் காய்ந்த இலை. நிலாவாரை என்பார் சிலர், நிலவாகை என்பார் சிலர். அரபு நாட்டு மணலிலே பிறந்து, கடல் கடந்து வந்து, நம் தென்பாண்டிச் சீமையின் மானாவாரி மண்ணைத் தாய்வீடாக்கிக்கொண்ட செடி. மேல்நாட்டு மருந்து நூல்களிலே அதற்குப் பெயரே 'டின்னவெல்லி சென்னா'! தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான். அதற்குமுன் திருநெல்வேலிச் சீமை என்பதால் அந்தப் பெயர். மழை பொய்த்தாலும் மண் வெடித்தாலும் மானம் காக்கும் அந்தப் பயிரின் இலை, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் கப்பலேறுகிறது.

இரண்டாவது மூட்டை? அது இருட்டிலே வருகிறது. வாயில் வழியே அல்ல, ஆளில்லாத கடற்கரை வழியே. ஆந்திர - ஒரிய எல்லை மலைகளிலே விளைந்து, லாரியிலே ஒளிந்து, நம் கரைக்கு வந்து, படகேறி இலங்கைக்குப் போகப் பார்க்கிறது. வாரம் தவறினாலும் தவறும், பத்திரிகையிலே அந்தச் செய்தி வருவது தவறுவதில்லை: கஞ்சா மூட்டைகள் பிடிபட்டன, இளைஞர் கைது. மூட்டைக்கு உடையவன் எங்கோ குளிர்ந்த அறையில் இருப்பான். பிடிபடுபவன் வலை இழுத்துக் காய்த்த கைக்குச் சொந்தக்காரன். இருபது கிலோவுக்கு மேல் என்றால் சட்டம் தருவது குறைந்தது பத்தாண்டுச் சிறை! ஒரு நடைக்குக் கிடைக்கும் சில ஆயிரத்திற்காகப் பத்தாண்டு இளமையை அடகு வைக்கிறான் நம் கடற்கரைப் பிள்ளை.

இந்த இரண்டாவது மூட்டையை நியாயப்படுத்த நான் பேனா எடுக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதுப் பிள்ளையின் கையிலே பொட்டலம் திணிப்பவனை மன்னிக்க என்னால் ஆகாது. வளரும் மூளையை அந்தப் புகை கெடுக்கும், சிலருக்குச் சித்தப்பிரமையே உண்டாக்கும் என்று மருத்துவம் எச்சரிக்கிறது.

ஆனால் தோழா, நாடகம் எழுதுபவன் நான். வில்லன் வேடம் ஒருவனுக்குப் பொருந்திவிட்டால் அவனைப் பிறகு எந்த வேடத்திலும் மக்கள் ஏற்கமாட்டார்கள்; தந்தையாக வந்தாலும் "இவன் நஞ்சு வைப்பான் பார்" என்பார்கள். மேடையிலே அது வேடிக்கை. மருத்துவத்திலே அது கொடுமை. ஒரு செடிக்கு வில்லன் வேடம் கட்டிவிட்டோம் என்பதற்காக, அதற்குள் இருக்கும் மருந்தையும் சேர்த்துச் சிறையிலே தள்ளுவது அறிவுடைமையா?

ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

உப்பளத்திலே உழைத்தவர் அவர். உச்சி வெயிலில் உப்பு வாரி, மாலையிலே கொடி பிடித்து, இரவிலே சுவரொட்டி ஒட்டிய மூத்த தோழர். தொண்டையிலே புற்று வந்தது. ஊசி மருந்து ஏற்றினால் குடலே வெளிவரும்படி வாந்தி, ஏற்றாவிட்டால் வலி. மருத்துவமனையொன்றில் மார்ஃபின் கேட்டோம். "அதற்கு எங்களிடம் உரிமம் இல்லை" என்றார்கள். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. அப்படிப்பட்டது ஒன்றா இரண்டா, பெயர் சொல்லி என்ன பயன்? அன்றிரவு யாரோ ஒருவன் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மனைவியின் கையில் கொடுத்து, "இதைப் புகைக்கச் சொல்லுங்க, வலி தெரியாது" என்று கூறிவிட்டுப் போனான். அந்த அம்மையார் முந்தானையிலே அதை முடிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"ஊரெல்லாம் பேசுறியே தம்பி, நீ சொல்லு. இதக் குடுக்கலாமா, கூடாதா?"

மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறவன் என்று பெயர் எனக்கு. அன்று மூன்று சொல் வரவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டவன். வேதியியல் கூடத்திலே நான் உருப்படியாகக் கற்றது, கண்ணாடிக் குழாயை உடைக்காமல் கழுவுவது ஒன்றுதான். பொட்டலத்தை வாங்கிக் கால்வாயில் எறிந்தேன். அது தூய்மையானதா, எதனுடன் கலந்ததா, அவர் உடல் தாங்குமா - எதுவும் தெரியாமல் கொடுக்க மனம் துணியவில்லை. எறிந்தது சரிதான். ஆனால் எறிந்த கைக்கு மாற்றாகக் கொடுக்க ஒன்றும் இல்லையே!

அதன் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

1839இல் கல்கத்தாவிலே வில்லியம் ஓ'ஷாக்னஸி என்னும் அயர்லாந்து மருத்துவர் - பின்னாளில் வங்கத்திலே தந்திக் கம்பி போட்டவரும் அவரேதான் - நம் நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்திய கஞ்சாவை முதலில் விலங்குகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்தார். இசிவு நோயாளிகள், காலரா நோயாளிகள், இவர்களோடு நாற்பது நாள் கைக்குழந்தை ஒன்று. வலிப்பிலே துடித்த அந்தக் குழந்தைக்குத் துளித்துளியாகக் கொடுத்தார், வலிப்பு அடங்கியது என்று பதிவு செய்தார். ஒரு குழந்தையைக் கொண்டு உலகத்திற்கு விதி செய்துவிட முடியாது. ஆனால் ஆராயத்தக்க ஒன்று அங்கே இருக்கிறது என்று அறிய அது போதுமல்லவா? போதவில்லை, தோழா! 2018இல்தான், 179 ஆண்டுகள் கழித்து, அமெரிக்க மருந்து ஆணையம் அதே செடியிலிருந்து பிரித்த கன்னாபிடையால் என்னும் பொருளைக் குழந்தைகளின் கடுமையான இருவகை வலிப்பு நோய்களுக்கு மருந்தாக ஏற்றது. இடையிலே எத்தனை தொட்டில்கள் துடித்து ஓய்ந்தன என்று யார் கணக்கு வைத்தார்?

செடி ஒன்றுதான்; உள்ளே இருப்பதோ ஒன்றல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள். அவற்றுள் இரண்டு தலையாயவை. டி.எச்.சி. என்பது ஒன்று; மயக்கம் தருவது அதுதான். வாந்தியை அடக்குவதும், விறைத்த தசையைத் தளர்த்துவதும், பசியைத் தூண்டுவதும் அதுவே. மற்றொன்று நான் சொன்ன கன்னாபிடையால். அதற்கு அந்த மயக்கமே இல்லை! 1963இல் அதன் வடிவத்தையும், 1964இல் டி.எச்.சி.யின் வடிவத்தையும் கண்டு சொன்னவர் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெச்சோலமும் அவருடைய கூட்டாளிகளும். பெண் செடியின் பூந்தலையிலே, கண்ணுக்குத் தெரியாத சிறு மயிர்களின் நுனியிலே, பிசினாக அவை ஊறுகின்றன. எந்த விதை, எந்த மண், எந்த நாளில் அறுவடை என்பதற்கேற்ப ஒன்று கூடும், ஒன்று குறையும். ஆகவேதான் கடற்கரைப் பொட்டலம் மருந்தாகாது. அதிலே எது எவ்வளவு என்பது விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது.

இன்னும் கேள். 1990இல், இந்தப் பொருள் வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பி நம் மூளையிலேயே இருப்பதன் அமைப்பைக் கண்டறிந்தனர். பூட்டு நம் உடலிலே இருக்குமானால் சாவியும் உடலிலே இருக்க வேண்டுமே என்று தேடினார்கள். 1992இல் கிடைத்தது. நம் உடலே சுரக்கும் அந்தப் பொருளுக்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். ஆனந்தம் என்னும் சொல்லை நம் நாட்டிலிருந்துதான் எடுத்தார்கள். ஆராய்ச்சி மட்டும் நம் நாட்டில் நடக்கவில்லை.

புற்றையே இது போக்கிவிடும் என்று சந்தையிலே பாட்டில் விற்கிறானே, அவனை நம்பாதே. அதற்குச் சான்றில்லை. கன்னாபிடையாலுக்கும் பக்கவிளைவு உண்டு. கல்லீரலைக் கவனிக்க வேண்டும், வேறு வலிப்பு மருந்துகளோடு சேர்ந்தால் அவற்றின் அளவைக் கூட்டிவிடும். மருத்துவர் கையிலே இருக்கும்போதுதான் மருந்து மருந்து.

"சரி, சட்டம் விடுமா?" என்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை எடுத்துப் பார். எட்டாம் பிரிவு தடுக்கிறது. ஆனால் மருத்துவத்திற்கும் அறிவியலுக்கும் விதிவிலக்கு வைத்துத்தான் தடுக்கிறது! பத்தாம் பிரிவு, கஞ்சா பயிரிட உரிமம் தந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை யாருக்குத் தருகிறது? மாநில அரசுக்கு! மாநில உரிமை, மாநில உரிமை என்று மேடைதோறும் முழங்குகிறோமே, கையிலே கொடுத்து வைத்திருக்கும் உரிமை ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. உத்தரகாண்ட் 2018இலேயே, மயக்கப் பொருள் மிகக் குறைந்த சணல் வகைக்கு உரிமம் தந்தது. ஜம்முவிலே மைய அரசின் ஆய்வுக்கூடமே வேலிக்குள் பயிரிட்டு ஆராய்கிறது. இமாசலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் மாதிரி ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் ஆணையத்திலே, மிகக் கொடிய பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்குவதா என்று வாக்கெடுத்தபோது 27க்கு 25 என்று தீர்மானம் வென்றது. வென்ற 27இலே இந்தியாவும் ஒன்று. வெளியே கைதூக்கியவர்கள் உள்ளே கைகட்டி நிற்பானேன்?

அதே சட்டம் மார்ஃபினை என்ன செய்தது என்பதையும் மறந்துவிடாதே. அபினிச் செடியை மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் தந்து, அளந்து, எடை போட்டு வளர்க்கிறார்கள். நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசே ஆலை நடத்துகிறது. உலகுக்கு அபினி அனுப்பிய நாட்டிலே, சட்டம் வந்தபின் பன்னிரண்டே ஆண்டுகளில் மருத்துவத்திற்கான மார்ஃபின் பயன்பாடு நூற்றுக்கு ஏறத்தாழ 97 பங்கு சரிந்தது. தாள்களுக்குப் பயந்து மருந்துக் கடைகள் கைவிட்டன, நோயாளி முனகினான். 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் எங்கள் உப்பளத் தோழரின் கட்டிலுக்கு வந்து சேரவில்லை.

முதல் மூட்டையை மறந்துவிட்டாயா? மார்ஃபின் உண்பவருக்கு மலம் கட்டும். அந்த வேதனை வலியினும் கொடிது என்பார்கள். அதற்குத் தரும் மருந்து எது தெரியுமோ? நம் நிலாவாரை! உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலே, நோய்த்தணிப்புப் பகுதியிலே இடம் பெற்றிருக்கிறது அந்த இலை. அதற்குள்ளிருந்து சென்னோசைடு என்னும் பொருளை 1941இல் பிரித்தெடுத்தவரோ சுவிட்சர்லாந்து நாட்டு ஆர்தர் ஸ்டோல். வெயிலிலே நின்று இலை பறித்தது நம் பெண்கள். சூத்திரம் கண்டது பாசல் நகரத்து ஆய்வுக்கூடம். நித்தியகல்யாணியின் கதையும் அதேதான். நம் தெற்கத்தி மானாவாரிக் காட்டிலே விளையும் செடி. அதிலிருந்து இரத்தப் புற்றுக்கு மருந்து உண்டென்று 1950களின் இறுதியில் கண்டது கனடாவும் அமெரிக்காவும். நஞ்சுச் செடியை வளர்க்க நம் உழவனுக்குத் தெரியாதென்று யாரும் சொல்லவேண்டாம். கண்வலிக்கிழங்கு கொடிய நஞ்சு. அதன் விதையைக் கொங்குச் சீமையிலே பயிரிட்டு மருந்துக்கு விற்கிறான். சித்த மருத்துவத்தின் நச்சுப் பொருள் பட்டியலிலே கஞ்சாவும் கலப்பைக் கிழங்கும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன.

காவல் எப்படி என்று கேட்பாருக்கு இந்தக் கரையே விடை கூறும். முத்துக்குளிப்பு 1961 வரை இங்கே நடந்தது. கண்டவனெல்லாம் கடலில் குதித்து அள்ளியதாகவா நினைக்கிறாய்? அரசு அதிகாரி முதலில் சிப்பியை மாதிரி எடுத்துச் சோதிப்பார்; போதிய முத்து உண்டென்றால்தான் குளிப்பு அறிவிப்பு. எடுத்த சிப்பி எண்ணப்படும், பங்கு பிரிக்கப்படும், காவலர் நிற்பர். பாதாளத்து முத்துக்கே கணக்கு வைத்த கரை இது. பாத்தியிலே நிற்கும் செடிக்குக் கணக்கு வைக்க முடியாதா? அந்தக் கணக்கிலும் ஒரு குறை இருந்தது: மூச்சடக்கி மூழ்கியவனுக்குக் கிடைத்தது சிறு பங்கு. அதுவும் நினைவில் இருக்கட்டும்.

ஆகவே கேட்க வேண்டியது இது. கிள்ளிகுளத்திலே சிதம்பரனார் பெயரில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே வேலியும் விளக்கும் காவலும் போட்டு, பத்தாம் பிரிவின்படி உரிமம் தந்து, ஓர் ஆய்வுப் பாத்தி. எந்த விதையில் எந்தப் பொருள் எவ்வளவு என்று நம் மாணவர்களே அளக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளிலே, முறைப்படி ஒப்புதல் பெற்று, வலிப்புக் குழந்தைகளுக்கும் புற்று நோயாளிகளுக்கும் கொடுத்துச் சோதிக்கட்டும். பயன் இல்லையென்றால் இல்லையென்று எழுதட்டும், அதுவும் அறிவுதான். பயன் உண்டென்றால் பயிரிடும் உரிமை முதலில் மானாவாரி உழவர் கூட்டுறவுக்கு வரட்டும், பணமூட்டையோடு காத்திருக்கும் கம்பெனிக்கு அல்ல. மார்ஃபின் உரிமம் இல்லாத மாவட்ட மருத்துவமனை ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதற்கு ஆய்வும் வேண்டாம், ஆண்டும் வேண்டாம். உன் ஊர் மருத்துவமனையில் அது இருக்கிறதா என்று நாளைக் காலையே போய்க் கேள். இல்லையென்றால் கிளைக் கூட்டத்திலே தீர்மானம் போடு.

தோழர் மறைந்து இரண்டு ஆண்டாகிறது. அவருடைய மனைவி இன்னும் உப்பளத்திற்குப் போய்வருகிறார். அன்று கேட்ட கேள்வியை அவர் மீண்டும் கேட்கவேயில்லை. இன்று மாலை இந்த இதழை எடுத்துக்கொண்டு அந்த வீட்டிற்குப் போகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.