கம்பிகளுக்கும் வயதாகிறது

திருநெல்வேலிச் சீமைக்கு மின்சாரம் புதிதல்ல. பைக்காரா, மேட்டூருக்கு அடுத்து 1944-லேயே பாபநாசத்தில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. பின்னால் சேர்வலாறு வந்தது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, குதிரைவெட்டி வழியாக மலையேறினால் மேல்கோதையாறு அணை. அந்தத் தண்ணீரில் கோதையாறு நிலையங்கள் ஓடுகின்றன. பணகுடி, ராதாபுரம் பக்கம் கண்ணுக்கெட்டும் தூரம்வரை காற்றாலைகள். கடலோரத்தில் கூடங்குளம், அங்கே தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு அணு உலைகள்.

இவ்வளவு மின்சாரம் பிறக்கும் மாவட்டத்தில், ஆடிக்காற்று சற்று பலமாக அடித்தால் தெருவில் கரண்ட் போய்விடுகிறது.

குறை உற்பத்தியில் இல்லை, கம்பியில் இருக்கிறது. புதிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு, துணை மின்நிலையத்துக்குத் திறப்பு விழா உண்டு. பழைய கம்பியை இறக்கிவிட்டுப் புதிய கம்பி ஏற்றுவதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. அதனால் அந்த வேலை எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்கிறது. கம்பி அறுந்து விழுந்த பிறகே முதலிடத்துக்கு வருகிறது. இந்த வழக்கம் மாற வேண்டும்.

மேலே போகும் கம்பியில் நடுவே எஃகு இழைகள், அவற்றைச் சுற்றி அலுமினிய இழைகள். சுமை ஏற ஏறக் கம்பி சூடாகிறது, நீள்கிறது, தொய்கிறது. இணைப்புகள் தளர்ந்து தீப்பொறி பறக்கிறது. கம்பியைத் தாங்கும் பீங்கானில் விரிசல் விழுந்தால் மழை நேரத்தில் மின்சாரம் கசிகிறது. கம்பத்தின் அடி மண்ணுக்குள் துருப்பிடிப்பது வெளியே தெரிவதே இல்லை. இரண்டு பல்பும் ஒரு மின்விசிறியும் இருந்த காலத்தில் இழுக்கப்பட்ட தெருக்கம்பி, இன்று ஏசி, மோட்டார், கிரைண்டர், மின்சார ஸ்கூட்டர் என அத்தனையையும் சுமக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் வீணாகும் மின்சாரம் நான்கு மடங்காகும். லோ வோல்டேஜ் என்று புலம்பும் வீடுகள் பலவற்றில் கோளாறு வீட்டுக்குள் இல்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காக அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், மணிமுத்தாறு என்று ஊர்ப் பெயர்களோடு 'நாளைய மின்தடை' அறிவிப்பு வருகிறது. கிளை வெட்டுவதும் ஜம்பர் என்ற இணைப்புக் கம்பியை முறுக்குவதும் உடைந்த பீங்கானை மாற்றுவதும் அவசியமான வேலைகள்தான். ஆனால் ஆயுள் முடிந்த கம்பியை அவை இளமையாக்கிவிடாது.

தாமதத்தின் விலையைத் தமிழ்நாடு கொடுத்திருக்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். 11 கிலோவோல்ட் கம்பி தெருவைக் கடக்கும் இடத்தில் தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரம் வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. ஆனால் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிது போடும்போதெல்லாம் சாலை உயர்கிறது, கம்பியோ தொய்கிறது. இடைவெளி இரண்டு பக்கமும் சுருங்குகிறது. தேரோட்டத்தன்று மட்டும் மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைக் கழற்றி மாட்டினால் போதாது. கரும்பு லாரியும் வைக்கோல் வண்டியும் அதே தெருவில் தினமும் போகின்றன.

மனிதருக்கு மட்டுமல்ல ஆபத்து. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர் அருகே, ஏரிக்கரை மேட்டில் ஏறிய யானை தாழ்வாகப் போன உயரழுத்தக் கம்பியில் பட்டு அங்கேயே சரிந்தது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி வாழும் மணிமுத்தாறு, பாபநாசம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காட்டு வழியே போகும் பழைய மின்பாதை என்ன செய்யும் என்பதைக் கலிபோர்னியா காட்டியது. 2018 நவம்பரில், ஏறக்குறைய நூறு ஆண்டு பழைய மின்கோபுரத்தில் ஒரு கொக்கி தேய்ந்து முறிந்தது. அதிலிருந்து கிளம்பிய தீ பாரடைஸ் என்ற ஊரையே எரித்து 85 பேரைக் கொன்றது. மின் நிறுவனமான பி.ஜி. அண்ட் இ. 2020-ல் 84 பேரின் மரணத்துக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

நகரத்துக்கான பாடம் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிடைக்கிறது. 1998-ல் கோடை வெயிலில், நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த நான்கு நிலத்தடி கேபிள்களும் ஒரு மாதத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. அவற்றில் இரண்டு நாற்பது ஆண்டு பழையவை. ஒன்று போனதும் அதன் சுமை அடுத்ததன் தலையில் ஏறியது. நகர மையம் ஐந்து வாரம் தவித்தது.

ஆகவே, எல்லாவற்றையும் மண்ணுக்குள் புதைத்தால் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. ஹூட்ஹூட் புயல் அடித்த பிறகு விசாகப்பட்டினம் நிலத்தடி கேபிளுக்கு மாறியது சரியான முடிவு. ஆனால் தரைமட்டத்து மின்சாரத்துக்கு மழைநீர் பகை. 2017 நவம்பரில் சென்னை கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த வயரை மிதித்து இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. இப்படிப்பட்ட ஆற்றங்கரை ஊரில் கேபிளைப் புதைப்பவர்கள், தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸை வெள்ள மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

இடத்துக்கேற்ற வழி தேவை. தேர் வீதிக்கும் கடைத்தெருவுக்கும் நிலத்தடி கேபிள். மரம் அடர்ந்த சாலைக்கும் மலையடிவாரத்துக்கும் உறையிட்ட கம்பி. வயல்வெளிக்குப் புதிய கம்பமும் தடித்த கம்பியும் போதும். கோபுரப் பாதைகளில் அதே கோபுரத்தில் அதிகச் சூடு தாங்கும் கம்பியை ஏற்றலாம். புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. சாலை போடுமுன் நெடுஞ்சாலைத் துறையும் உள்ளாட்சியும் மின்வாரியத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். கம்பத்தில் ஏறும் லைன்மேன் காலிப் பணியிடங்களையும் நிரப்ப வேண்டும். கம்பியின் நிலையை முதலில் அறிபவர் அவர்தான்.

பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஒன்றிய அரசு 2021-ல் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. அதில் மீட்டரைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்குக் கம்பியைப் பற்றிப் பேசப்படவில்லை. அந்த வரிசையைத் திருப்பிப் போடலாம்.

முதல் வேலைக்குப் பெரிய பணமும் வேண்டாம். எந்தப் பாதை எந்த ஆண்டு போடப்பட்டது, எத்தனை முறை அறுந்தது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, எப்போது மாற்றப்படும் என்ற பட்டியலைத் துணை மின்நிலைய வாரியாக மின்வாரியம் பொதுமக்கள் முன் வைக்கட்டும். நெல்லை மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களும் மாநகராட்சியும் அதைக் கேட்டு வாங்கட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அந்தப் பட்டியல் வெளிவர வேண்டும்.