பெட்டிக்குள் மூன்று எழுத்துகள்



2023ஆம் ஆண்டு கோடையில் இரண்டு மாத விடுப்பில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழும் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். டெட்ராய்ட் நகருக்கு வடக்கே, போன்டியாக் என்னும் ஊருக்கு அருகில் அவர்கள் வீடு. அந்நாட்களில் அங்கே சூரியன் மறையும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே அத்தனை நேரம் இருந்தால், புத்தகம் படிப்பவனுக்கும் சலிப்புத் தட்டும். பக்கத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து சுத்தியல் ஓசையும் வெல்டிங் வெளிச்சமும் வந்துகொண்டேயிருந்தன. ஒரு நாள் என் மருமகன், "மாமா, வாங்க, காட்டுறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றான். அன்றிலிருந்து மாலைப் பொழுதுகளில் பெரும்பகுதி எனக்கு அந்தக் கொட்டகையிலேயே கழிந்தது.

உள்ளே நின்றது 1965ஆம் ஆண்டுக் கார் ஒன்று. நின்றது என்று சொல்வதே மிகை. சக்கரமில்லை, இருக்கையில்லை, கண்ணாடியில்லை. நான்கு மரக்கட்டைகளின்மேல் ஓர் இரும்புக் கூடு. அதன் உறுப்புகளெல்லாம் சிறு சிறு பிளாஸ்டிக் பைகளில், எந்த இடத்து போல்ட், எந்தப் பக்கத்து நட்டு என்று எழுதி ஒட்டப்பட்டு, சுவர் நீளத்திற்குத் தொங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் அறுபத்தெட்டு வயதுப் பெரியவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தை போன்டியாக் கார்த் தொழிற்சாலையில் போல்ட் முடுக்கும் வேலையில் இருந்தவர். தாம் முடுக்கிய கார்களில் ஒன்றைக்கூடத் தமக்கென்று வாங்க முடியாமலேயே அவர் மறைந்துவிட்டாராம்.

'மஸில் கார்' என்று அமெரிக்கர்கள் சொல்வதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய நடுத்தர அளவுக் காரில், பெரிய காருக்குரிய பெரிய என்ஜினைப் பொருத்தினால் கிடைப்பது அது. 1964இல் போன்டியாக் நிறுவனம் அப்படித்தான் ஜி.டி.ஓ. என்ற காரைக் கொண்டுவந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட என்ஜின் கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கட்டுப்பாடு. ஜான் டெலோரியன் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். தனிக் கார் என்று சொன்னால்தானே அனுமதி வேண்டும்? 'லெமான்ஸ்' என்ற சாதாரணக் காருக்கு விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பொருத்தம் என்று பட்டியலில் எழுதி, 389 கன அங்குல என்ஜினை வைத்துவிட்டார்கள். முதல் ஆண்டில் 32,450 கார்கள் விற்றன. அடுத்த ஆண்டு 75,000க்கும் மேல். பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பிறகு காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1970இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அந்தக் காலம் முடிந்தே போயிற்று. அதே எண்ணெய் விலையேற்றம்தான் நம் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக வளைகுடாவுக்கு அழைத்துப் போனது என்பதைச் சொன்னபோது, பெரியவர் ரெஞ்ச்சைக் கீழே வைத்துவிட்டு வியப்போடு கேட்டார்.

போன்டியாக் நிறுவனமும் இன்று இல்லை. 2010ஆம் ஆண்டோடு அந்தப் பெயரில் கார் செய்வது நின்றுவிட்டது. ஆகவே இந்தக் கார்களைப் பற்றிய அறிவு இப்போது ஆர்வலர்களின் கைகளில்தான் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் நான்கைந்து பேர் அந்தக் கொட்டகைக்கு வருவார்கள். ஒருவர் லேத் பட்டறைக்காரர். ஒருவர் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர். இன்னொருவர் இளைஞர், மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், வெல்டிங்கில் சூரர். எவரும் கூலி வாங்குவதில்லை. இந்த மாதம் இவர் காருக்கு அவர். அடுத்த மாதம் அவர் காருக்கு இவர். எங்கள் தங்கை அனுப்பிய சமோசாத் தட்டு இரண்டாவது சனிக்கிழமை வெறுமையாகத் திரும்பிய பிறகு, நானும் அந்தச் சபையில் ஓர் உறுப்பினன் என்றே கருதப்பட்டேன்.

மிச்சிகனில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பனி உருகும், காரின் அடிப்பாகமும் அதோடு உருகும். இந்தக் காரின் தரைத்தகடு சல்லடையாக இருந்தது. யாரோ ஒரு பழைய சொந்தக்காரர் ஓட்டைமேல் ஒரு தெருப் பெயர்ப்பலகையை வைத்து ரிவிட் அடித்திருந்தார்! அதை அகற்றி, துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே வடிவில் புதிதாகச் செய்து விற்கப்படும் தகட்டை வைத்துப் பற்றவைத்தார்கள். தொடர்ச்சியாகப் பற்றவைத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். எனவே இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி ஒரு பொட்டு, ஆற விட்டு மறுபடி ஒரு பொட்டு என்று அந்த இளைஞர் பொறுமையாக வைத்துக்கொண்டே போனார். ஒரு சனிக்கிழமை முழுவதும் உழைத்து அவர் முடித்தது இரண்டு முழ நீளம். துருவேறி இறுகிய போல்ட்டைக் கழற்ற அவர்களிடம் ஒரு உபாயம் உண்டு. போல்ட்டைச் சூடாக்கி, அதன்மேல் மெழுகுவத்தியைத் தொட்டால், மெழுகு உருகி மரைக்குள் இழுபட்டுப் போகும். பிறகு ஸ்பேனருக்குப் பணிந்துவிடும். எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை, கம்பம் ஏறியவர் தம் மாமனாரிடம் கற்றது என்றார்.

உடற்கூட்டைச் சேசிஸிலிருந்து தூக்கிய நாளில் சங்கிலிக் கப்பியும் எட்டுப் பேரின் தோள்களும் வேண்டியிருந்தன. அதில் ஒன்று என் மச்சானின் தோள். கணினி வேலை பார்க்கும் அவர் மறுநாள் தொழுகையில் ருகூவுக்குக் குனியவே சிரமப்பட்டார்.

இப்படி நடந்துகொண்டிருந்த வேலையில்தான் அந்தத் துளைகள் தெரிந்தன. பின்பக்கத்து மட்கார்டில் பழைய பெயின்ட்டைச் சுரண்டியபோது, வரிசையாகச் சில சிறு துளைகள் பற்றுவைத்து அடைக்கப்பட்டு, மேலே பட்டி பூசப்பட்டிருந்தது. ஜி.டி.ஓ. என்ற எழுத்துகளைப் பொருத்தும் துளைகள் அல்ல அவை. வேறு ஏதோ பெயர் அங்கே இருந்திருக்கிறது. லேத் பட்டறைக்காரர் ஒன்றும் பேசாமல் என்ஜினருகே போய், அதன் முன்புறத்தில் பொறித்திருந்த இரண்டு எழுத்துகளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். அந்த எழுத்துகள் ஜி.டி.ஓ.வுக்கு வைத்த என்ஜினுக்குரியவை அல்ல. அதே 389 கன அங்குலம்தான். ஆனால் போன்டியாக்கின் பெரிய கார்களுக்கென்று வார்க்கப்பட்டது.

1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜி.டி.ஓ. என்பது லெமான்ஸ் காரின் கூடுதல் பொருத்தமாகவே இருந்ததால், காரின் அடையாள எண்ணைப் பார்த்து எது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. 1965இல் இரண்டுக்கும் 237 என்றே தொடங்கும். 1966இல்தான் ஜி.டி.ஓ.வுக்கு 242 என்ற தனி எண் வந்தது. ஆகவே அந்த முதல் இரண்டு ஆண்டுக் கார்களில் போலிக்கு நிரம்ப இடமுண்டு. லெமான்ஸை மலிவாக வாங்கி, பானெட்டை மாற்றி, எழுத்துகளைப் பொருத்திவிட்டால் விலை பெருமளவு ஏறிவிடும். உண்மையை அறிய ஒரே வழி, தொழிற்சாலையின் பழைய பட்டியல்களை நுண்படச் சுருளில் பாதுகாத்து வைத்திருக்கும் காப்பகத்திற்கு எழுதி நகல் பெறுவது. பெரியவர் அதை வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வேறு மாநிலத்து விற்பனையாளர் ஒருவர் ஜி.டி.ஓ. விலைக்கே கொடுத்திருந்தார். அடையாள எண்ணில் 'பி' என்ற எழுத்தைக் கண்டதும், அதாவது இது போன்டியாக் ஊர்த் தொழிற்சாலையில், தம் தந்தை வேலை செய்த இடத்தில் உருவானது என்று தெரிந்ததும், அவர் வேறொன்றையும் பார்க்கவில்லையாம்.

நகல் வந்தது. லெமான்ஸ். தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டபோது 326 கன அங்குல என்ஜின்.

அந்தச் சனிக்கிழமை கொட்டகையில் வாக்குவாதம் நடந்தது. மின்வாரியத்துக்காரர் சொன்னார்: பாதி வேலை முடிந்துவிட்டது, துளைகள் அடைபட்டுவிட்டன, பெயின்ட் அடித்தபின் எவருக்கும் தெரியாது, நகலை அடுப்பில் போட்டுவிடு, நாளை விற்க நேர்ந்தால் போட்ட பணமாவது வரும். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நண்பனுக்கு இழப்பு வரக்கூடாதே என்ற ஆதங்கம் அது. ஆனால் விற்கும் பண்டத்தின் குறையை மறைக்காதீர்கள் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். பெரியவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். "உங்களிடம் விற்றவர் செய்ததை நீங்கள் இன்னொருவருக்குச் செய்வீர்களா?" என்று மட்டும் கேட்டேன். கேட்டபிறகு, விருந்தாளி வாய் திறந்திருக்க வேண்டாமோ என்றும் தோன்றியது.

லேத் பட்டறைக்காரர்தான் இறுக்கத்தைத் தளர்த்தினார். அசல் ஜி.டி.ஓ.வின் கதை மட்டும் என்ன வாழ்ந்தது என்று ஆரம்பித்தார். பெயரே இத்தாலிய ஃபெராரியிடமிருந்து எடுத்தது. பக்கவாட்டுச் சின்னத்தில் 6.5 லிட்டர் என்று எழுதியிருக்கும். 389 கன அங்குலத்தைக் கணக்கிட்டால் 6.4 லிட்டர்கூட முழுதாக வராது. 1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை ஓட்டிப் பார்த்துப் புகழ்ந்த ஜி.டி.ஓ.வுக்குள் நிறுவனத்தார் வைத்துக் கொடுத்தது 389 அல்ல, அதைவிடப் பெரிய 421 கன அங்குல என்ஜின். விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து அதை ஒப்புக்கொண்டார். "ஆக, முதல் போலியைச் செய்தது தொழிற்சாலையேதான்" என்று அவர் முடித்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

இரண்டு வாரம் கொட்டகை பூட்டியே கிடந்தது.

மூன்றாவது வாரம் திறந்தபோது, முதலில் அவர் செய்தது பிரேக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியது. அக்காலத்துக் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்த் தடம். எங்கேனும் ஒரு குழாய் விட்டுப்போனால் முழு பிரேக்கும் போய்விடும். இரண்டு தடம் கொண்ட பிற்காலத்துச் சிலிண்டரை வைக்கலாமே என்று நண்பர்கள் முன்பே வற்புறுத்தியிருந்தார்கள். அசல் ஜி.டி.ஓ.வில் கை வைக்கமாட்டேன் என்று மறுத்துவந்தவர், இப்போது தாமாகவே வைத்துக்கொண்டிருந்தார். "லெமான்ஸில் பேத்திகளை ஏற்றிக்கொண்டு போகலாம்" என்றார். பிறகு, கையைத் துடைத்தபடியே, "எங்கள் அப்பா போல்ட்டை முடுக்கும்போது மேலே எந்தப் பெயர் ஒட்டப் போகிறார்கள் என்று பார்த்தா முடுக்கினார்?" என்றார். மின்வாரியத்துக்காரர் அடுத்த ஸ்பேனரை எடுத்து நீட்டினார். அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

என்ஜினை முதன்முதலாக ஓட்டிய மாலை நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு. அமெரிக்காவில் 1996இலேயே சாலை வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் முற்றாக நிறுத்தப்பட்டுவிட்டதால், வால்வு அமரும் இடங்களில் கடினமான வளையம் பதித்திருந்தார்கள். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும் என்று குழாய்களெல்லாம் புதிது. கேம் ஷாஃப்ட்டும் புதிது. அதற்கு இக்காலத்து எண்ணெய் போதாது, துத்தநாகம் மிகுந்த எண்ணெய் வேண்டுமாம். பற்றிக்கொண்டதும் மெதுவாக ஓட விடக்கூடாது, நிமிடத்துக்கு 2,000 சுற்றளவில் இருபது நிமிடம் விடாமல் ஓட்ட வேண்டும், இல்லையேல் கேம் தேய்ந்து இத்தனை நாள் உழைப்பும் வீண். மூன்று முறை இருமிவிட்டு நான்காம் முறை பற்றியது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஒருவர் எண்ணெய் அழுத்தமானியைப் பார்க்க, ஒருவர் தண்ணீர்ச் சூட்டைப் பார்க்க, இளைஞர் கசிவு தேடி விளக்கோடு கீழே படுத்திருக்க, பெரியவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். இருபது நிமிடம் முடிந்து அணைத்தபோது உண்டான அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

என் மருமகன் அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். அதற்குள் ஜி, டி, ஓ என்ற மூன்று உலோக எழுத்துகளும், 6.5 லிட்டர் என்ற சின்னமும் துணியில் சுற்றிக் கிடந்தன. இவற்றை மாட்டவில்லையா என்று பெரியவரைக் கேட்டான்.

"அது வேறு காருடையது" என்று சொல்லிவிட்டு, அவர் டப்பாவை வாங்கி மூடி, மேல்தட்டில் வைத்தார்.