12 மணி நேரம் டியூட்டி.. எத்தனை வருஷம் ஆனாலும் அதே சீட்டு! 108 ஊழியர்கள் கதி என்ன?

சென்னை: 2023 ஏப்ரல் மாதம் ஞாபகம் இருக்கிறதா? தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. கடைசியில் மே தினத்தன்று திருத்தம் வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

அந்த பரபரப்பு நடந்த நேரத்திலும் ஊரெல்லாம் சைரன் போட்டுக்கொண்டு ஓடின 108 வண்டிகள். அதில் இருந்தவர்களுக்கு 12 மணி நேர ஷிப்டு என்பது பழகிப்போன சமாச்சாரம். ஆள் எடுக்கும் விளம்பரத்திலேயே பகல், இரவு என்று மாறி மாறி 12 மணி நேரம் வேலை என்று போட்டுத்தான் எடுக்கிறார்கள். தெரிந்துதானே சேர்ந்தீங்க என்று கேட்பவர்களும் உண்டு. வேலை இல்லாதவன் விளம்பரத்தில் இருக்கிற நேரத்தைப் பார்த்தா பேரம் பேசுவான்?

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஒரு வண்டிக்கு இரண்டே பேர். ஒருவர் டிரைவர். அவரை பைலட் என்பார்கள். இன்னொருவர் பின்னால் நோயாளியுடன் உட்காரும் மருத்துவ உதவியாளர்.

இந்த உதவியாளர் செய்யும் வேலை கொஞ்ச நஞ்சமல்ல. பைக்கில் விழுந்தவரின் கழுத்து ஆடாமல் காலர் மாட்ட வேண்டும். பலகையில் கட்டித் தூக்க வேண்டும். ரத்தத்தை நிறுத்த வேண்டும். ஆக்சிஜன், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்க்க வேண்டும். நெஞ்சு நின்றால் ஓடுகிற வண்டியிலேயே அமுக்க வேண்டும். பிரசவ வலி முற்றிவிட்டால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, போனில் டாக்டரிடம் கேட்டுக் கேட்டு பிள்ளையை வாங்க வேண்டும். மறுநாள் பேப்பரில் 'ஆம்புலன்சில் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம்' என்று நாலு வரி வரும்.

வண்டிக்குள் எல்லாம் இருக்கு.. தூக்க ஆள்?

கருவிகளைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. உயர்சிகிச்சை வண்டிகளில் வென்டிலேட்டர், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி எல்லாம் இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரெச்சரை எந்த மெஷினும் தூக்குவதில்லை. இரண்டு முதுகுதான் தூக்குகிறது. வடசென்னை பக்கம் மூன்றாவது மாடி வீட்டை நினைத்துப் பாருங்கள். லிப்ட் கிடையாது. ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் வர முடியாத படிக்கட்டு. 80 கிலோ நோயாளி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஒரு ஷிப்டில் இப்படி எத்தனை என்று கணக்கு கிடையாது. இந்த வேலையில் முதலில் போவது இடுப்புதான்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது என்றும் இல்லை. அங்கே ஸ்ட்ரெச்சர் காலி இல்லாவிட்டால் நோயாளி இவர்கள் ஸ்ட்ரெச்சரிலேயேதான் கிடப்பார். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் வண்டி எப்படிக் கிளம்பும்? அதற்குள் அடுத்த அழைப்பு வரும். தாமதமாகப் போய் இறங்கினால் 'ஏன்டா இவ்வளவு லேட்டு' என்று கை ஓங்குகிற கூட்டம். 2025 ஆகஸ்டில் திருச்சி மாவட்டம் துறையூரில், அரசியல் கூட்டத்துக்குள் போன 108 ஊழியர்களைத் தாக்கியதாகப் புகார் எழுந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஜெயில் என்று 2008 முதலே மாநிலத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறவனுக்கு அந்த நேரத்தில் சட்டம் வந்து கை கொடுக்காது.

சம்பளம் உயரவே இல்லை என்று சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முந்தைய விளம்பரத்தில் 15 ஆயிரத்து சொச்சம். 2025ல் 21 ஆயிரத்து சொச்சம். தீபாவளி வந்தால் போனஸ் கேட்டு வேலைநிறுத்த நோட்டீஸ், பேச்சுவார்த்தை, சமாதானம் என்று ஓடுகிறது.

50 நாள் பயிற்சி, அப்புறம்?

பணத்தை விடப் பெரிய சிக்கல் வேறு. இவர்களுக்கு மேலே ஏற படியே இல்லை. நர்சிங் முடித்தவர்கள், லேப் டெக்னீசியன் டிப்ளமோ முடித்தவர்கள், பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல் முடித்தவர்கள் உதவியாளராக சேரலாம். வயசு 30க்குள் இருக்க வேண்டும். 50 நாள் பயிற்சி. அதோடு சரி. 2008ல் 25 வயதில் சேர்ந்தவர் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார். இன்றும் அதே பின் சீட்டு, அதே ஸ்ட்ரெச்சர். நர்சிங் படித்தவர் வேறு ஆஸ்பத்திரிக்காவது போய்விடுவார். விலங்கியல் படித்தவர் எங்கே போவார்? 108ல் கற்றதை வெளியே காட்ட அவரிடம் ஒரு டிப்ளமோ கூட கிடையாது.

2021ல் மத்திய அரசு துணை மருத்துவப் படிப்புகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆம்புலன்ஸ் பாராமெடிக்குக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு. நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டப்படி டிப்ளமோ என்றால் குறைந்தது 2,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும். 50 நாள் பயிற்சி, தினமும் 8 மணி நேரம் என்று வைத்தாலும் 400 மணி நேரம்தான் வரும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். தினம் 12 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 300 மணி நேரம். ஏழே மாதத்தில் 2,000 தாண்டிவிடும். 10 வருஷம் ஓடியவர் கணக்கில் 36 ஆயிரம் மணி நேரம்!

வண்டியில் கிடந்த நேரமெல்லாம் படிப்பு ஆகிவிடாது, ஒப்புக்கொள்வோம். ஏன், எதற்கு என்று பாடமும் படிக்கத்தான் வேண்டும். பிரிட்டனில் ஆம்புலன்சில் கீழ்நிலையில் சேர்ந்தவர் வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடித்து பாராமெடிக் ஆக வழி உண்டு. இங்கேயும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைக்கென்றே பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. ஆனால் முழுநேரம் கல்லூரிக்குப் போக வேண்டும். பெண்டாட்டி, பிள்ளை என்று ஆனவர் வேலையை விட்டுவிட்டு வகுப்பில் போய் உட்கார முடியுமா?

பத்து வருஷம் வண்டியில் ஓடியவருக்கு அந்தப் படிப்பில் தனி இடம், அனுபவத்துக்கு ஏற்ப பாட நேரத்தில் கழிவு, படிக்கிற காலத்தில் பாதி ஷிப்டு. இந்த மூன்றையும் செய்ய புதுசாக கட்டடம் கட்டத் தேவையில்லை. முடித்து வருகிறவரை புதுசாக சேருகிற பையன்களுக்கு வாத்தியாராகவோ, அழைப்பு மையத்தில் சூப்பர்வைசராகவோ போட்டால் அவர் இடுப்பும் தப்பிக்கும். தேனாம்பேட்டையில் இருந்து போனில் வழி சொல்கிறவர் ஒரு காலத்தில் மூன்றாவது மாடியில் இருந்து நோயாளியைத் தூக்கி இறக்கியவராக இருந்தால் கீழே நிற்கிற இரண்டு பேருக்கும் அது உபயோகம்தானே.