ஏரிக்கு ஒரு பட்சிப் பதிவேடு

திருவள்ளூர் ஜில்லாவின் மேற்கு எல்லையில், ஆந்திர தேசத்தை ஒட்டி அமைந்திருக்கும் ஆர்.கே.பேட்டைப் பிரதேசத்தை, தறிச் சத்தம் ஓயாத நெசவுச் சீமை என்றுதான் வெளியூர்வாசிகள் பெரும்பாலும் அறிவார்கள். வடகிழக்குப் பருவமழை ஏரிகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிறகு அங்கே வந்து இறங்கும் பட்சிகளைப் பற்றி அறிந்தவர்களோ, கழனிக்கு நாள்தோறும் போய்வரும் குடியானவர்களும் ஏரி உள்வாயில் மாடு மேய்ப்பவர்களும் மட்டுமே. எந்த மாதத்தில் எது வரும், எந்த மரத்தில் அடையும், எப்போது புறப்பட்டுப் போகும் என்ற அவர்களுடைய ஞானம் முழுவதும் வாய்மொழியாகவே இருந்து வருகிறது. அதை எழுத்தில் ஏற்றி, கிராம சபையின் தீர்மானமாகவும் ஆக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வேடந்தாங்கலின் விருத்தாந்தத்தை இங்கே நினைவுகூர்வது அவசியம். அவ்வூர் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொக்கையும் நாரையையும் சுட்டுத் தள்ளியபோது, கிராமவாசிகள் கண்ணீர் விட்டதோடு நின்றுவிடாமல் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798ஆம் வருஷம், பட்சிகளைக் காக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று கலெக்டர் லயனல் பிளேஸ் துரை கௌல் என்னும் உறுதிச்சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தார். பட்சிகளிடம் ஊரார் வைத்திருந்த அந்த அன்புக்குப் பின்னால் விவசாய அனுபவமும் இருந்தது. நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டிய பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்தபோது அதுவே எருவாயிற்று என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தார்கள். 1936ல் அந்த ஏரி சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 2022ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. சர்க்கார் வனச் சட்டங்களை இயற்றுவதற்கு வெகுகாலம் முன்னரே, ஊரார் கேட்டு வாங்கிய ஒரு காகிதம் அந்த ஏரியைக் காத்து நின்றது. அப்படி ஒரு காகிதம் ஆர்.கே.பேட்டை வட்டாரத்து ஏரிகளுக்கும் இருக்கலாகாதா?

பதிவேட்டில் எழுதுவதற்கு விஷயம் இல்லாமல் போகாது. ஆவணியும் புரட்டாசியும் கூடும் நாட்களிலேயே இமயமலைப் பக்கத்திலிருந்து வாலாட்டிக் குருவி வந்து வரப்பில் ஓடத் தொடங்குகிறது. பிறகு தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக அமர்கின்றன. தண்ணீர் நின்றபின் நீலச்சிறகி வாத்துகளும் உள்ளான்களும் வருகின்றன. ஐப்பசியில் தோப்புகளுக்கு வந்து சேரும் ஆறுமணிக் குருவியைக் கண்ணால் காண்பது அரிது. மின்சாரம் நின்று விசைத்தறிகள் அடங்கிய ஒரு சாயங்காலத்தில், மாமரங்களுக்கு அடியிலுள்ள சருகுக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் அது விடும் சீட்டியைக் கேட்டால்தான் வந்திருப்பது தெரியும்.

இவற்றோடு வரும் சோளப்பட்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கறுத்த தலையும் ரோஜா நிற உடலுமாக, மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து பெருங்கூட்டமாக வரும் இந்தப் பட்சி, தானியக் கதிரில் இறங்கினால் குடியானவர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடிவருவது நியாயமே. அவருடைய நஷ்டம் மெய்யான நஷ்டம். ஆனால் அதே பட்சி வெட்டுக்கிளிகளைத் தின்று தீர்ப்பதைக் கண்டு, சீன தேசத்துச் சிஞ்சியாங் பகுதியில் அது கூடு கட்டுவதற்கென்றே இடம் அமைத்துக் கொடுத்தார்கள். ஆகையால் வந்த தேதியோடு, கதிரைத் தின்றதா, பூச்சியைத் தின்றதா என்பதையும் ஊரார் எழுதிவைக்க வேண்டும். குடியானவரின் புகாருக்கு இடம் கொடாத பதிவேட்டை அவர் தம்முடையதாகக் கருதமாட்டார்.

எழுத்தோடு தீர்மானமும் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் மரங்கள். ஏரி உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில்தான் கொக்கும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகின்றன. சீமைக் கருவேலத்தை ஒழிப்பதாகச் சொல்லி வெட்ட வருகிறவர்களின் வாளுக்கு நாட்டுக் கருவேலமும் சேர்ந்து இரையாகிவிடக் கூடும். குஞ்சுகள் கூட்டிலிருக்கும் காலத்தில் ஏலம் எடுத்து மரத்தைச் சாய்த்தால், தண்ணீரில் விழும் குஞ்சுகள் ஒன்றும் பிழையா. சீமைக் கருவேலத்தைத் தாராளமாக நீக்கலாம்; கூடுள்ள மரத்தில் மட்டும், குஞ்சுகள் பறந்து போகும்வரை கோடாலி படக்கூடாது. இருட்டில் வலை விரித்து மடையானையும் கொக்கையும் பிடித்து விற்பது 1972ஆம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாயினும், ஊர் ஒருமனதாக வேண்டாம் என்று சொல்லாத இடத்தில் அந்தச் சட்டம் ஏரிக்கரை வரை நடந்து வருவதில்லை.

காரியம் பெரிதல்ல. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பட்சி ஆர்வலர்கள் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள், ஏரியை அறிந்த ஒரு பெரியவரைத் துணைக்கொண்டு, அதே நாட்களில் தங்கள் ஏரியை எண்ணலாம். ஏரியின் பெயர், தண்ணீரின் அளவு, பட்சி, கூடுள்ள மரம் ஆகியவற்றை எழுதினால் போதும். 1960ல் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த இந்தப் பகுதியில் தமிழும் தெலுங்கும் புழங்குவதால், ஊரார் அழைக்கும் இரண்டு பெயர்களையும் எழுதட்டும். ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குட்பட்டவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எனவே ஜனவரி 26ஆம் தேதி கிராம சபையில் நிறைவேறும் தீர்மானத்தின் நகல், உரிய அலுவலகத்துக்கும் வனத்துறைக்கும், அடுத்த மர ஏலத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.