எங்கோ, எங்கும், எங்காவது

தமிழாசிரியனுக்கு ஆங்கில இலக்கணத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். வேலை இருக்கிறது. 'நான் எங்கும் போகவில்லை' என்பதை ஆங்கிலமாக்கச் சொன்னால், தமிழ்வழியில் பயின்று வரும் மாணவன் 'ஐ டிட் நாட் கோ எவ்ரிவேர்' என்று எழுதிவிடுகிறான். 'ஐ டிட் நாட் கோ நோவேர்' என்று எழுதுபவனும் உண்டு. இரண்டின்மேலும் சிவப்பு மை விழுகிறது; விளக்கம்தான் கிடைப்பதில்லை.

முதலாமவன் 'எங்கும்' என்றால் 'எவ்ரிவேர்' என்று மனப்பாடம் செய்தவன். ஆனால் தமிழில் அந்த 'உம்' வினையைப் பார்த்தே தன் பொருளை முடிவு செய்கிறது. 'எங்கும் மழை பெய்தது' என்றால் எல்லா இடத்திலும். 'எங்கும் மழை பெய்யவில்லை' என்றால் ஓரிடத்திலும் இல்லை. 'நோவேர்' என்பதற்கு ஈடான தனிச்சொல் நமக்குத் தேவைப்படவில்லை. மறுப்பை வினையே சுமந்துகொள்கிறது. இன்றைய ஆங்கில எழுத்து வழக்கிலோ மறுப்பு ஒருமுறைதான் வரலாம். வினையில் வைத்தால் 'எனிவேர்', வினையை உடன்பாடாக விட்டால் 'நோவேர்'. (பதினான்காம் நூற்றாண்டில், சாசர் காலத்து ஆங்கிலத்தில், மறுப்பை அடுக்கிச் சொல்வது இயல்பாகவே இருந்தது. நம் இரண்டாம் மாணவன் அறுநூறு ஆண்டுகள் தாமதமாகப் பிறந்துவிட்டான்!)

'எவ்ரிவேர்' எழுதிய வாக்கியத்திற்கும் ஆங்கிலத்தில் பொருள் உண்டு: சில இடங்களுக்குப் போனேன், எல்லாவற்றுக்கும் அல்ல. முற்றும்மை சிலவிடத்து எச்சமாகவும் நிற்கும் என்று நன்னூலார் காட்டும் நுட்பத்தோடு இதை ஒப்பிட்டுச் சொல்லலாம். நன்னூலை ஒரு மணியில் நடத்திவிட்டு, அடுத்த மணியில் அப்படியொரு நூலே இல்லாததுபோல் நடந்துகொள்கிறோம்.

உடன்பாட்டுக்குச் 'சம்வேர்', வினாவுக்கும் மறுப்புக்கும் 'எனிவேர்' என்ற பள்ளிச் சூத்திரம் பாதி வழியில் நின்றுவிடும். 'சிட் எனிவேர்' உடன்பாடுதானே? பெட்டியும் கையுமாக நிற்பவரிடம் 'ஆர் யூ கோயிங் சம்வேர்?' என்று கேட்பது வினாதானே? ஆம் என்ற விடையை எதிர்பார்த்தே அவ்வாறு கேட்கிறோம்.

இவ்விடத்தில் தமிழ் ஒருபடி நுட்பமானது என்பதையும் மாணவன் அறிய வேண்டும். 'எங்கோ போனான்', 'எங்காவது போகலாம்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'சம்வேர்' என்ற ஒரே சொல்தான். முன்னதில் போன இடம் ஒன்று உண்டு, நமக்குத்தான் தெரியவில்லை. பின்னதில் இடமே இன்னும் முடிவாகவில்லை. இவ்வேறுபாட்டை ஐந்து வயதிலேயே பிழையின்றிக் கையாண்டவனைத்தான் இலக்கணம் வராதவன் என்கிறோம். கரும்பலகையில் முதலில் இவ்விரு தமிழ் வாக்கியங்களையும் எழுதி, வேறுபாட்டை அவனையே சொல்லச் செய்யலாம். கால்மணி நேரம் போதும். ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலிக்கலாகாது என்று விதி வைத்திருக்கும் கல்லூரிகள் அந்தக் கால்மணி நேரத்துக்காவது அதைத் தளர்த்த வேண்டும்.