கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு மூன்று

சென்ற மாதம் மந்திர் மார்க்கில் நடைபெற்ற குழந்தைகள் விழாவுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அண்டை வீட்டு மாணவர் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதித் தந்த சிறு நிரலை நம்பி வாயிலில் அமர்ந்திருந்தோம். கௌரி என்னும் சிறுமி வந்தாள். பெயரைத் தட்டினோம், 'இல்லை' என்றது நிரல். பட்டியலிலோ அப்பெயர் நம் கண்ணெதிரே இருந்தது! பின்னால் வரிசை நெருக்கவே, பரிசுப் பொட்டலம் பெறாமலே குழந்தை உள்ளே சென்றாள். அவள் முகம் வாடியதைக் கண்டு நாம் வெட்கினோம்.

அன்றிரவு மாணவரோடு அமர்ந்து அறிந்ததை அன்பர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 1995-இல் பிரெண்டன் ஐக் ஆக்கிய அம்மொழியில், இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்க்க இருவகைக் குறிகள் உள. இரட்டைச் சமக்குறி (==) தாராள மனத்தது. எழுத்தாக வைத்த '06'-ஐயும் எண்ணாகிய 6-ஐயும் ஒன்றெனக் கூறிவிடும். சுழியத்தில் தொடங்கும் சிறப்பு வண்டிகளின் எண்களோடு பழகிய நமக்கு இந்தத் தாராளம் பிடிக்கவில்லை. மூன்று சமக்குறியோ (===) கறார்ப் பேர்வழி; வகையும் மதிப்பும் ஒத்தாலன்றி இசையாது. மாணவர் இதனையே பயன்படுத்தியிருந்தார். எனினும் நம் வழக்கில் இருபுறமும் எழுத்தே ஆதலின், எக்குறியை இட்டிருந்தாலும் விடை 'இல்லை'தான்.

பின் குறை எங்கே? யூனிகோட் முறையில் ககரத்தோடு ஔகாரக் குறியை ஒரே எண்ணாக இடலாம். ஒற்றைக் கொம்பு, ளகரம் போன்ற பின்குறி என இரண்டு எண்களாகவும் இடலாம். பலரும் செய்வதுபோல், 'கெ'யை அடுத்து ளகரத்தையே தட்டிவிடலாம். கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. கணிப்பொறி ஒப்பிடுவது எண்களை அன்றோ! 'கொ', 'கோ' ஆகியவற்றிலும் இவ்வாறு இருவழி உண்டு.

2015-இல் அம்மொழியில் சேர்க்கப்பட்ட 'நார்மலைஸ்' என்னும் செயலை ஒப்பிடுமுன் இருபுறத்திலும் நடத்தினால், முதல் இரு வகைகளும் ஒன்றாகும். ளகரத்தை மட்டும் அது தொடாது. தொடவும் கூடாது, கெளுத்தி மீனில் உள்ளது மெய்யான ளகரம். கண்மூடித் திருத்தினால் மீன் கெட்டுவிடும்!

ஆகவே ஔகாரம் வரும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நாமே திருத்தினோம். நாம் பட்டியலில் தட்டியது ளகரம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் மாலை பொட்டலத்தோடு கௌரியின் வீட்டுக்குச் சென்று வந்தோம். பொங்கல் பட்டியலுக்குப் பெயர் அனுப்பும் அன்பர்கள், ஔகாரத்தை ஔகாரமாகவே தட்டி அனுப்புமாறு வேண்டுகிறோம்.