படிக்கட்டு நிலத்தில் ஒரு மிதிவண்டித் தடம்

வங்கிப் பணியில் இருப்பவர்களுக்கு இடமாறுதல் புதிதன்று. பதவி உயர்வோடு வந்த ஆணை என்னை மகாராஷ்டிரத்தின் அகில்யாநகர் மாவட்டத்தில், முன்பு அகமதுநகர் என வழங்கிய பகுதியில், ஒரு கிராமப்புறக் கிளைக்குக் கொண்டு சேர்த்தது. குடும்பம் ஊரில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டன. அங்கேயே ஒரு மிதிவண்டி வாங்கினேன். மூன்று ஆண்டுகளில் அந்த மேட்டுநிலத்தைக் கோப்புகளின் வழியே அறிந்ததைவிட மிதிவண்டியின் இருக்கையிலிருந்து அறிந்ததே மிகுதி. அந்த அனுபவத்திலிருந்து ஒரு கருத்தை வாசகர்முன் வைக்க விழைகிறேன்.

எரிமலை அமைத்த படிகள்

தக்காணத்தின் வடமேற்குப் பகுதி, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளின் வழியே பொங்கிப் பரவிய எரிமலைக் குழம்பால் ஆனது. ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்த அக்குழம்பு இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. மேற்குப் பகுதியில் சில இடங்களில் அதன் தடிமன் இரண்டு கிலோமீட்டரை எட்டும். புவியியலார் இதனை 'தக்காண டிராப்' என்பர். சுவீடிய மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. காரில் செல்வோருக்கு அப்பெயரின் பொருள் விளங்குவது அரிது. மிதிவண்டி ஓட்டுபவருக்கோ முழங்கால்கள் விளக்கிவிடும். ஒரு படி ஏறினால் நீண்ட சமவெளி. பிறகு ஓர் ஆற்றுப் பள்ளம். மீண்டும் ஒரு படி.

இந்நிலத்தில் நான் பரிந்துரைக்க விரும்பும் தடம் புதியதன்று. கொங்கணக் கரையின் கல்யாண் துறையிலிருந்து வணிகச் சரக்குகள் நாணேகாட் கணவாய் வழியே மேலேறி, ஜுன்னர் கடந்து, சாதவாகனர் தலைநகரான பிரதிஷ்டானத்தை, அதாவது இன்றைய பைத்தனை, அடைந்த பழம்பெரும் பாதை அது. 'நாணே' என்றால் காசு. 'காட்' என்றால் கணவாய். அங்குள்ள குகையில் அரசி நாகனிகாவின் கல்வெட்டு, வேள்விகளில் வழங்கிய பசுக்களையும் காசுகளையும் எண்களோடு பட்டியலிடுகிறது. வணிகவியல் படித்த எனக்கு அது பாறையில் எழுதிய ஒரு பேரேடாகவே தோன்றியது. கணவாயின் தலைப்பில் ஒரு பெரிய கற்குடம் உள்ளது. சுங்கக் காசு அதில்தான் விழுந்தது என்று ஊரார் கூறுவர்.

நாணேகாட்டின் மேல்விளிம்பு வரை ஜுன்னரிலிருந்து சாலை உண்டு. அங்குத் தொடங்கி ஜுன்னர், பார்னேர், ஹிவரே பஜார், அகில்யாநகர், சேவ்காவ் வழியாகப் பைத்தன் வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நாளொன்றுக்கு அறுபது, அறுபத்தைந்து கிலோமீட்டர் என்று வைத்தால் நான்கு நாள் பயணம். முதல் நாளில் சிவாஜி பிறந்த சிவநேரிக் கோட்டை. இறுதி நாளில் ஜாயக்வாடி நீர்த்தேக்கமும் பைத்தணிப் பட்டு நெய்யும் தறிகளும். இடையில் சோளக் கொல்லைகளும் வெங்காய வயல்களும் மேட்டில் கிடை போட்ட ஆடுகளும்.

இல்லாதது சாலை அன்று

இதே மேட்டுநிலத்தைச் சற்று வடக்கே மும்பை–நாக்பூர் சம்ருத்தி விரைவுச் சாலை 701 கிலோமீட்டர் நீளத்தில் கடக்கிறது. நாட்டுக்குத் தேவையான சாலைதான். ஆயினும் அதில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அதில் விரைபவருக்கு வழியிலுள்ள ஊர்கள் வெறும் பெயர்ப்பலகைகள். மறுபுறம், 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் போன்ற திட்டங்களால் சிற்றூர்களுக்கு இடையே தார்ச்சாலைகள் வந்துவிட்டன. வாகன நெரிசல் குறைந்த அச்சாலைகள் மிதிவண்டிக்கு மிக ஏற்றவை. இன்று இல்லாதது இரவில் தங்க ஓர் இடம். அவ்விடம் இன்ன ஊரில் உண்டு என்ற உறுதி.

ஒரு சனவரி மாதத்தில் சக ஊழியர் ஒருவருடன் சென்றபோது, மாலை ஐந்தரைக்குக் கருவேல முள் ஏறி இரு சக்கரங்களும் காற்றிழந்தன. டிராக்டர் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் அவற்றைச் சரிசெய்யும் முன் இருட்டிவிட்டது. அவருடைய அண்டை வீட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது. சோள பாக்கரியும், கடலைமாவில் செய்த பிட்லாவும், இடித்த பச்சைமிளகாய்த் தேச்சாவும் பரிமாறினார் அவ்வீட்டுப் பெண்மணி. அங்குள்ள வழக்கப்படி, அக்கா என்று பொருள்படும் 'தாயி' என்றே அவரை அழைத்தோம். காலையில் பணம் கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார். நிறைந்த மனத்தோடும் சிறிது குற்ற உணர்வோடும் புறப்பட்டோம்.

சில மாதங்கள் கழித்து அவர் எங்கள் கிளைக்கு வந்தார். கழிப்பறையுடன் ஓர் அறை கட்ட ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். "ஆண்டுக்கு எத்தனை விருந்தினர் வருவார்கள், தாயி?" என்று கேட்டேன். "நீங்கள் இருவரும் வந்தீர்களே, சாகேப்" என்றார். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன்.

ஒரு சிறு கணக்கு

அம்முடிவைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஓர் உத்தேசக் கணக்கு. இருவர் தங்க, உணவுடன் ஆளுக்கு 700 ரூபாய். சமையல், சலவைச் செலவு ஆளுக்கு 250 போனால், ஓர் இரவுக்கு 900 ரூபாய் மிஞ்சும். பருவத்தில் நாற்பது இரவுகள் நிறைந்தால் 36,000 ரூபாய். ஒன்றரை லட்சத்தை 11 விழுக்காட்டு வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைப்பதாயினும் ஆண்டுத் தவணை 39,000 ரூபாயைத் தாண்டும். ஆக, அந்தக் கடனை மறுத்தது சரியே.

பிழை அடுத்த படியில் நேர்ந்தது. இருக்கும் அறையைச் செப்பனிட்டு, கழிப்பறையைச் சீர்செய்து, இரு கட்டில்களும் படுக்கைகளும் வாங்க 50,000 ரூபாய் போதும். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவு, பிணையின்றி அத்தொகை வரை கடன் பெற வழிசெய்கிறது. அதே வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 1,640 ரூபாய். ஆண்டில் 22 இரவுகள் விருந்தினர் வந்தாலே தவணை அடைந்துவிடும். நாற்பது இரவுகள் வந்தால் 16,000 ரூபாய் கையில் நிற்கும். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அந்த 22 இரவுகளை அவரால் தனியே வரவழைக்க இயலாது என்பதும் உண்மை. பெயரும் வரைபடமும் கொண்ட ஒரு தடம் மட்டுமே விருந்தினரைக் கொண்டுவரும். எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் மாவட்ட நிருவாகமும், சுற்றுலாத் துறையும், எம்போன்ற வங்கியாளர்களும். அக்கேள்வியை அவரிடம் மட்டும் கேட்டது நியாயமன்று.

பூட்டிய கதவுகள்

மிதிவண்டிப் பயணத்துக்கு உகந்த காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அதே மாதங்களில்தான் மழைமறைவு நிலத்தின் மக்கள் ஊரைவிட்டு வெளியேறுகின்றனர். சேவ்காவ், பாத்தர்டி வட்டங்களிலும் அடுத்துள்ள பீட் மாவட்டத்திலும் தீபாவளியை ஒட்டிக் குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டச் சென்றுவிடுவர். முதியோரும் சில பிள்ளைகளும் எஞ்சியிருக்க, தெருவில் பல கதவுகள் பூட்டியிருப்பதைப் பார்த்தவாறே நான் அவ்வூர்களைக் கடந்திருக்கிறேன். ஒரு மிதிவண்டித் தடம் அந்த இடப்பெயர்வை நிறுத்திவிடும் என்று கூற நான் துணியமாட்டேன். சில வீடுகளிலேனும் ஒருவர் பிள்ளைகளோடு தங்கியிருக்க அது காரணமாகலாம். அதுவே இம்முயற்சிக்குப் போதிய நியாயம்.

வழிநெடுகத் தங்கிச் செல்லும் முறை மகாராஷ்டிரத்துக்கு அந்நியமும் அன்று. ஆடி மாத ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்தும் பைத்தனிலிருந்தும் பிற தலங்களிலிருந்தும் பண்டரிபுரம் நோக்கி வார்க்கரி அடியார்கள் நடக்கின்றனர். எந்த நாள் எந்த ஊரில் தங்கல் என்பது முன்கூட்டியே முடிவானது. வழியிலுள்ள ஊர்கள் உணவளிக்கின்றன. அது பக்தியால் நடக்கும் கொடை. சுற்றுலாப் பயணி அக்கொடையை எதிர்பார்க்கக் கூடாது. விலையை விருந்தினர் முன் சொல்லக் கூசும் தாயிக்காக, கிராமசபையே கட்டணத்தை முடிவுசெய்து பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

வேண்டியவையும் வேண்டாதவையும்

சில ஐயங்கள் எழலாம். நெடுஞ்சாலைகளில் லாரிகள் அச்சுறுத்தும். ஆகவே தடம் கிராமச் சாலைகளின் வழியே மட்டும் செல்ல வேண்டும். கோடையில் வெயில் பொறுக்கவியலாது. பயணத்தைப் பருவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீர் பற்றிய ஐயம் மிகக் கனமானது. எரிமலைப் பாறை நீரை எளிதில் உள்வாங்காது. அகில்யாநகர்ப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டருக்குள்தான். ஹிவரே பஜார் கிராமம் சரிவுகளில் அகழிகள் வெட்டி, தடுப்பணைகள் கட்டி, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று விதித்து, ஆண்டுதோறும் நீருக்கு வரவுசெலவுக் கணக்குப் போட்டே தன்னை மீட்டுக்கொண்டது. நீச்சல் குளத்துடன் கூடிய ஓர் உல்லாச விடுதி இந்நிலத்தின் கணக்கில் செலவுப் பக்கமே சேரும். ஒரு வாளி நீரில் குளிக்கும் இரு விருந்தினரை இந்நிலம் தாங்கும்.

கூட்டமும் அளவோடு இருக்க வேண்டும். சாத்தாரா அருகே, 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற காஸ் பீடபூமியில் பூக்காலத்தின் கார்க் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முன்பதிவும் கட்டணமும் தேவைப்பட்டன. கூட்டம் திரண்டபின் விதி வகுப்பதைவிடத் தொடக்கத்திலேயே ஊருக்கு இத்தனை படுக்கைகள் என்று வரையறுப்பது எளிது.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. இருபது கிலோமீட்டருக்கு ஒரு வழிகாட்டிப் பலகை. அறுபது கிலோமீட்டருக்குள் ஒரு தங்கல். டிராக்டர் பஞ்சர் கடையில் மிதிவண்டிக்கான சில டியூப்கள். தங்கலை நடத்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன. அவற்றை வங்கிகளோடு இணைக்கும் பணியை நபார்டு 1992 முதல் செய்துவருகிறது. பணம் செலுத்தத் தேநீர்க் கடை வரை கியூஆர் அட்டை வந்துவிட்டது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் குளிர்காலத்தில் ஒரு மிதிவண்டியோடு அந்தப் பழைய வணிகப் பாதையில் இரண்டு நாளேனும் சென்று பாருங்கள். சிற்றூரில் தங்குங்கள், உரிய பணத்தை வற்புறுத்திக் கொடுங்கள். நான் மீண்டும் மாறுதலாகிவிட்டேன். புறப்படுமுன் எனக்குப் பின்வந்த மேலாளரிடம் கோப்புகளை ஒப்படைத்தபோது, ஐம்பதாயிரம் ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாயியின் பெயரோடு வைத்துவிட்டு வந்தேன்.